டயல் செய்வதற்கு முன்

1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது முதல் பட்டியலிலேயே சென்னையும் இருந்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளுக்குள் இணையம் நுழைந்தது, 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்து, 25 மணி, 50 மணி, 100 மணி என்று நேரத்தை அட்டைப்பெட்டியில் போட்டுக் கடையில் விற்க ஆரம்பித்த பிறகுதான். அதிலிருந்து 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வரும் வரை, டெலிபோன் பேசும் அதே இரண்டு செம்புக் கம்பி வழியாகத்தான் எல்லாமே வந்தது, எல்லாமே போனது. இணைய நிறுவனத்தின் எண்ணுக்கு டெலிபோன் லைனில் டயல் செய்து இணையும் இந்த முறைதான் டயல்அப்.

அன்று வீடுகளில் மோடம் (கம்ப்யூட்டரின் டேட்டாவை டெலிபோன் லைனில் போகும் ஒலியாக மாற்றும் கருவி) மாட்டிக் கொடுத்தவர்களும், பிறகு அதே வீட்டுக்கு வைரஸ் எடுக்கப் போனவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: டயல்அப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை டயல் செய்வதற்கு முன்பே முடித்துவிடலாம். லைன் கிடைத்த பிறகு சரிசெய்ய உட்கார்ந்தால் டெலிபோன் மீட்டரும் ஓடும், தானாகவே பரவும் புழு என்ற வைரஸ் வகையும் உள்ளே வந்துவிடும். கீழே உள்ளதெல்லாம், அன்று வீடுகளில் சொன்ன அதே நடையில், அந்த வரிசைக் கணக்குதான்.

லைன்

மோடம் வாங்கும் முன் பார்க்க வேண்டியது லைனை. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அடுத்த சில வினாடிகள் காதில் எதுவும் கேட்கக் கூடாது. கரகரவென்று கேட்டால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. ம்ம்ம் என்று ஒரே சீராக இரைந்தால் வயர் கரண்ட் லைனோடு ஒட்டிப் போகிறது, அல்லது ஒரு கம்பி ஈரச்சுவரில் கசிகிறது. வேறு யாரோ பேசுவது மெலிதாகக் கேட்டால் தெருவில் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதை லைன்மேன்தான் பார்க்க வேண்டும். பேசும்போது நம் காது இந்த இரைச்சலை ஒதுக்கிவிடும். மோடமால் ஒதுக்க முடியாது. டெலிபோன் லைன் கடத்துவதே ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். அந்தச் சின்னச் சந்துக்குள் இரைச்சலும் வந்து உட்கார்ந்தால் டேட்டாவுக்கு இடம் இருக்காது.

வீட்டுக்குள் இருக்கும் கோளாறு பெரும்பாலும் சுவரில் அடித்திருக்கும் ரோசெட் பெட்டியில்தான் கிடைக்கும். மூடியில் ஒரே ஒரு திருகாணி. திறந்தால் உள்ளே செம்புக் கம்பியின் நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கடலோர ஊர்களில் இது சொல்லவே வேண்டாம். களிம்பைச் சுரண்டி மீண்டும் முடுக்குவதால் பயன் இல்லை. அந்த நுனியை அரை அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக உறை உரித்து, பளபளப்பான செம்பை வாஷருக்கு அடியில் வைத்து இறுக்க வேண்டும். லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி. ரிங் வரும் நேரத்தில் 75 வோல்ட் ஏசி அளவுக்கு ஏறும், கை உதறிவிடும். ஈரக் கையோடு இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள்.

அடுத்தது பேரலல் போன். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று இழுத்த வீடுகளில் இணைப்பு நிற்காது. எந்த ரிசீவரை யார் தூக்கினாலும் அந்த நொடியே லைன் கெட்டுவிடும். சரியான முறை: ரோசெட்டிலிருந்து வரும் வயர் முதலில் மோடமின் ‘லைன்’ என்று போட்ட துளைக்கு, அங்கிருந்து ‘போன்’ என்று போட்ட துளை வழியாக டெலிபோனுக்கு. இரண்டு துளையும் பார்க்க ஒரே மாதிரி ஆர்ஜே-11 தான் என்பதால் மாற்றிச் செருகிவிட்டு ‘டயல் டோன் இல்லை’ என்று குழம்பியவர்கள் நிறைய. கால் வெயிட்டிங் வசதி இருந்தால் நடுவில் வரும் ‘பீப்’ இணைப்பை அறுக்கும். எக்ஸ்சேஞ்சில் சொல்லி எடுத்துவிடுவதே நல்லது.

மோடம்

கம்ப்யூட்டர் உள்ளேயே செருகும் இன்டர்னல் மோடம் விலை குறைவு. வெளியே வைக்கும் எக்ஸ்டர்னல் மோடம் அதைப்போலப் பலமடங்கு. விலை வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. விலை மலிந்த பிசிஐ மோடம்களில் பாதி வேலையை மோடம் செய்யாது, கம்ப்யூட்டரின் சிபியு தலையில் கட்டிவிடும். வேகம் குறைந்த பென்டியம் மெஷினில் ஒரே நேரத்தில் பாட்டும் ஓடி, பெரிய பக்கமும் திறந்தால் இணைப்பு அறுந்துவிடும். எக்ஸ்டர்னல் மோடம் 9 பின் சீரியல் போர்ட்டில் மாட்டுவது. தனக்கென்று பவர் அடாப்டர் உண்டு, மூளையும் உண்டு. முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகளும் உண்டு. அந்த விளக்குகளுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

56கே, அதாவது வினாடிக்கு 56 கிலோபிட், என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த வேகம் யாருக்கும் கிடைத்ததில்லை. 1998-ல் வந்த வி.90 முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து இணைய நிறுவனம் வரை முழுக்க டிஜிட்டலாக இருந்தால்தான் இறங்கும் வேகம் 40, 45 என்று போகும். ஏறும் வேகம் 33.6-ஐத் தாண்டாது. விண்டோஸ் ‘115,200 வேகத்தில் இணைந்தது’ என்று காட்டினால் மகிழ வேண்டாம். அது கம்ப்யூட்டருக்கும் மோடமுக்கும் நடுவில் உள்ள வேகம். சரியான டிரைவர் போடாமல் ‘ஸ்டாண்டர்ட் மோடம்’ என்று விட்டால் இப்படித்தான் காட்டும். பெட்டியோடு வந்த சிடியில் உள்ள டிரைவரையே போட வேண்டும்.

மோடமை அமைக்கும்போது கன்ட்ரோல் பேனலில் மோடம் பகுதிக்குப் போய், ‘அட்வான்ஸ்டு’ என்ற இடத்தில் கூடுதல் கட்டளைகள் எழுத ஒரு வெற்றுப் பெட்டி இருக்கும். பலரும் அதைத் தொட்டதே இல்லை. நம் லைன்களுக்கு அதில் மூன்று கட்டளைகள் பெரிய உதவி. எஸ்10=50 என்று போட்டால், சிக்னல் ஒரு கணம் மங்கியதும் மோடம் போனை வைத்துவிடாமல் 5 வினாடி பொறுக்கும்; பெரும்பாலும் இருப்பது 14, அதாவது 1.4 வினாடி. எஸ்11=120 என்று போட்டால் எண்களைச் சற்று நிதானமாக அழுத்தும்; பழைய எக்ஸ்சேஞ்சுகள் வேகமாக வரும் எண்களைத் தவறவிட்டுத் தப்பான இடத்துக்கு அழைப்பது நிற்கும். எக்ஸ்3 என்று போட்டால் டயல் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். நம் ஊர் டயல் டோனை வெளிநாட்டு மோடம் சில நேரம் அடையாளம் காணாது, கால் ஃபார்வர்டு போட்டிருந்தால் விட்டு விட்டு வரும் டோனைச் சுத்தமாகக் காணாது. ‘680, டயல் டோன் இல்லை’ என்று வரும்போது ரிசீவரில் டோன் நன்றாகக் கேட்கிறது என்றால் மருந்து இதுதான்.

மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்தால் 56கே-யை நிறுத்தி 33.6-க்கு இறக்கிவிடுங்கள். அதற்கான கட்டளை சிப்புக்குச் சிப் மாறும்; மோடம் கையேட்டில் இருக்கும். 44-ல் இணைந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுவதைவிட 31-ல் இணைந்து ஒரு மணிநேரம் நிற்பதில் உண்மையில் வேலை கூடுதலாக நடக்கும். இதை ஏற்றுக்கொள்ள யாருக்கும் மனசு வராது, ஆனால் செய்து பார்த்தவர்கள் திரும்பப் போகவில்லை.

இணைப்பை உருவாக்கும் படி எளிது. விண்டோஸ் 98-ல் ‘மை கம்ப்யூட்டர்’ உள்ளே ‘டயல்அப் நெட்வொர்க்கிங்’, அதில் ‘மேக் நியூ கனெக்‌ஷன்’. எண்ணைக் கொடுத்து முடித்ததும் அதன் ப்ராப்பர்ட்டிஸில் ‘சர்வர் டைப்ஸ்’ பக்கம் போய் டிசிபி/ஐபி-யை மட்டும் விட்டு, நெட்பியூய், ஐபிஎக்ஸ் இரண்டின் டிக்கையும் எடுக்க வேண்டும். ‘லாக் ஆன் டு நெட்வொர்க்’ டிக்கும் வேண்டாம். இவை இருந்தால் இணைந்த பிறகு அரை நிமிடம் சும்மா முழிக்கும். டயல் செய்யும் எண்ணைப் பொறுத்தவரை, உள்ளூர் அழைப்பாகவே போகும் 172-ல் தொடங்கும் இணைய எண்கள் வந்த பிறகு சின்ன ஊர்களுக்குப் பெரிய விடிவு. அதற்கு முன் பக்கத்து நகரத்துக்கு எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்பு, போட்டு இணையம் பார்த்தார்கள்.

பிழை எண்களில் நினைவில் வைக்க வேண்டியவை சில. 676 என்றால் எதிர்முனை பிஸி. இரவு ஒன்பதுக்கு மேல் ஊரே டயல் செய்யும், பொறுக்க வேண்டியதுதான். 678 என்றால் எடுக்கவில்லை அல்லது எண் தப்பு. 691 என்றால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தப்பு. முதலில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள், பிறகு வாங்கிய மணிநேரம் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். 633 என்றால் மோடமை வேறு ஏதோ ஒரு ப்ரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் ஃபேக்ஸ் சாஃப்ட்வேர்.

பணக் கணக்கு

மணிநேரப் பெட்டிக்குக் கொடுக்கும் பணம் தனி, டெலிபோன் பில் தனி. இதைச் சொல்லாமல் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டில் சண்டை. மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் மணிக்கு 20 யூனிட். தினம் ஒரு மணிநேரம் என்றால் மாதம் 600, இரண்டு மாத பில்லில் 1200 யூனிட். யூனிட் ஒரு ரூபாய் என்றாலே தொகை தெரிந்துவிடும். அதனால்தான் மெயிலை ஆஃப்லைனில் எழுதி அவுட்பாக்ஸில் சேர்த்துவைத்து, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ‘அனுப்பிப் பெற்றதும் இணைப்பைத் துண்டி’ என்ற டிக்கைப் போடச் சொல்வது. பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாகத் துண்டிக்கும் அமைப்பும் உண்டு, அதையும் போடுங்கள்.

இதைவிட முக்கியமான ஓர் அமைப்பு இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் ‘கனெக்‌ஷன்ஸ்’ பக்கத்தில் இருக்கிறது. ‘நெவர் டயல் எ கனெக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் உள்ள எந்த ப்ரோகிராம் இணையம் கேட்டாலும் மோடம் தானாக டயல் செய்யும். நாம் அடுப்படியில் இருக்கும்போது மோடம் கூவும் சத்தம் கேட்பது அப்படித்தான். டயல் செய்வது மனிதக் கையாக மட்டும் இருக்க வேண்டும்.

இடையில் யாரும் இல்லை

இன்று வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. வெளியிலிருந்து யார் தட்டினாலும் அது முதலில் வாங்கிக்கொள்ளும். டயல்அப்பில் அப்படி யாரும் இல்லை. இணைப்பு கிடைத்த நொடி உங்கள் கம்ப்யூட்டருக்கே பொது ஐபி முகவரி வந்துவிடும், உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் நேராக உங்கள் மெஷினைத் தட்டலாம். ‘நம்ம கிட்ட என்ன இருக்கு, யார் வரப் போறா’ என்பதுதான் அன்று எல்லா வீட்டிலும் கேட்ட பேச்சு. தட்டியது ஆள் இல்லை. வரிசையாக எல்லா முகவரியையும் தட்டிக்கொண்டே போகும் ப்ரோகிராம். அதற்கு யார் வீடு என்ற கணக்கே கிடையாது.

விண்டோஸ் 98-ல் பெரிய ஓட்டை ஃபைல் ஷேரிங். அலுவலகத்தில் பயன்படுத்திய மெஷினையோ, இரண்டு கம்ப்யூட்டர் இணைத்து விளையாடிய மெஷினையோ அப்படியே டயல்அப்பில் விட்டால், கடவுச்சொல் இல்லாமல் ஷேர் செய்த சி டிரைவ் ஊருக்கே திறந்து கிடக்கும். மூடும் வழி: கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க், அதில் ‘டிசிபி/ஐபி – டயல்அப் அடாப்டர்’, அதன் ப்ராப்பர்ட்டிஸ், ‘பைண்டிங்ஸ்’ பக்கம், ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ டிக்கை எடுங்கள். ரீஸ்டார்ட். இரண்டு நிமிட வேலை.

விண்டோஸ் எக்ஸ்பி வந்ததும் நிலைமை மாறியது, மோசமான பக்கமாக. 2003 ஆகஸ்ட் 11 அன்று கிளம்பிய பிளாஸ்டர் புழு எந்த மெயிலும் திறக்காமல், எதையும் கிளிக் செய்யாமல், 135-ஆம் போர்ட் என்ற இணைய வாசல் வழியாக நுழைந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே, ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. டயல்அப்பில் இருப்பவர்களில் யார் மணிக்கணக்கில் அப்டேட் இறக்கினார்கள்? அந்த வாரம் வீடுகளில் நடந்தது இதுதான். டயல் செய்கிறார்கள். இணைகிறது. சில நிமிடத்தில் திரை நடுவில் ஒரு பெட்டி: சிஸ்டம் மூடப்படுகிறது, 60 வினாடி. 59, 58 என்று குறையும். ரீஸ்டார்ட் ஆகும். மறுபடி டயல், மறுபடி அதே பெட்டி. திருத்தத்தை இறக்குவதற்கே ஐந்து நிமிடம் வேண்டும். கிடைத்ததோ 60 வினாடி.

அந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழி இருந்தது. பெட்டி வந்ததும் ஸ்டார்ட், ரன் திறந்து ‘ஷட்டவுன்’ என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ‘ஏ’ எழுத்தும் சேர்த்து அடித்து என்டர் தட்டினால் எண்ணிக்கை நின்றுவிடும். உடனே போன் வயரைப் பிடுங்கு. டாஸ்க் மேனேஜரில் ‘எம்எஸ்பிளாஸ்ட்’ ஓடுவதை நிறுத்து. வெளியிலிருந்து தட்டுவதைத் தடுக்கும் ஃபயர்வாலை ஆன் செய். அதன் பிறகு வயரைச் செருகித் திருத்தத்தை இறக்கு. விண்டோஸ் 2000-ல் அந்த ஷட்டவுன் கட்டளை இல்லாததால் அந்த மெஷின்களுக்கு இந்த வழி உதவவில்லை; திருத்தத்தை ஃபிளாப்பியிலோ சிடியிலோ கொண்டுபோய்ப் போடுவதே சுலபம். விண்டோஸ் 98-ஐ இந்தப் புழு தொடவே இல்லை.

இதில் மனசு ஆறாத விஷயம், எக்ஸ்பி-யில் ஃபயர்வால் முதலிலிருந்தே இருந்தது. இணைப்பின் ப்ராப்பர்ட்டிஸில் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ஒரே ஒரு டிக். தானாக ஆன் ஆகியிருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. 2004 ஏப்ரல் கடைசியில் சாஸர் புழு 445-ஆம் போர்ட் வழியாக அதே கதையை மறுபடி நடத்தியது. அந்த ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற திருத்தத் தொகுப்பில்தான் ஃபயர்வால் தானாகவே ஆன் ஆனது. ஆனால் அந்த சர்வீஸ் பேக்கின் முழு அளவு 266 எம்பி. வினாடிக்கு 4.5 கிலோபைட் என்றால் பதினாறரை மணிநேரத்துக்கு மேல். யாரும் இறக்க முடியாது. கம்ப்யூட்டர் மாத இதழ்களோடு வந்த சிடிதான் கைகொடுத்தது.

ஆகவே ஃபார்மட் செய்து புதிதாக எக்ஸ்பி போட்ட மெஷினுக்கு வரிசை மாறவே கூடாது. போன் வயர் வெளியே. சிடியிலிருந்து சர்வீஸ் பேக். ஃபயர்வால் டிக். சிடியிலிருந்து ஆன்டிவைரஸ், கிடைப்பதிலேயே புதிய தேதியிட்ட அப்டேட்டோடு. இவ்வளவும் முடிந்த பிறகே வயர் உள்ளே. ‘முதல்ல கனெக்ட் பண்ணி எல்லாம் அப்டேட் பண்ணிக்கலாம்’ என்று ஆரம்பித்தவர்கள் மறுநாள் இன்னொரு முறை ஃபார்மட் செய்தார்கள்.

ஆன்டிவைரஸ் ஒன்றே ஒன்று போதும். சென்னையிலேயே 1991-ல் தொடங்கிய கே7 இருந்தது, இலவசமாக ஏவிஜி இருந்தது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெஷின் நின்றுவிடும். ஒரு வருடப் பழைய சிடியிலிருந்து போட்டு அப்டேட் செய்யாமல் விடுவதும் போடாததும் ஒன்றுதான். வாரம் ஒருமுறை, ஞாயிறு இரவு, அதற்கென்று கால் மணிநேரம் ஒதுக்குங்கள்.

மோடம் விளக்குகளுக்கு வருவோம். எஸ்டி என்ற விளக்கு நம் மெஷின் வெளியே அனுப்பும்போது சிமிட்டும், ஆர்டி என்பது உள்ளே வரும்போது. பக்கம் முழுக்க இறங்கிவிட்டது, யாரும் எதையும் தொடவில்லை, அப்போது இரண்டும் அமைதியாக இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு சிமிட்டல் சகஜம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எஸ்டி நிற்காமல் துடித்தால், உள்ளே ஏதோ ஒன்று வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் மெஷின்களைத் தட்டும் புழுவாக இருக்கலாம், உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பும் வைரஸாக இருக்கலாம். எந்த ஆன்டிவைரஸும் எச்சரிக்காத நேரத்தில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு காட்டிக்கொடுத்திருக்கிறது. இன்டர்னல் மோடம் என்றால் கடிகாரம் பக்கத்தில் உள்ள இரட்டைக் கம்ப்யூட்டர் ஐகானைப் பாருங்கள், அதே கணக்கு.

டயலர்

டயல்அப்புக்கே உரிய திருட்டு இது, பிராட்பேண்டில் இது கிடையாது. ஆபாசத் தளங்கள், சாஃப்ட்வேர் கிராக் தளங்கள், பாட்டு இறக்கும் தளங்களில் ஒரு பெட்டி வரும்: ‘இதைப் பார்க்க இந்த ப்ரோகிராம் வேண்டும், யெஸ் அழுத்தவும்.’ அழுத்தினால் டயலர் என்ற ஒரு சின்ன ப்ரோகிராம் இறங்கி, ஓடும் இணைப்பைத் துண்டித்து, மோடம் ஒலியை அடக்கி, எங்கோ கடலுக்கு நடுவில் உள்ள தீவு நாட்டு எண்ணுக்கு ஐஎஸ்டி டயல் செய்யும். இணையம் வழக்கம்போல வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. பில் வரும்போதுதான் தெரியும். கட்ட மாட்டேன் என்று வாதாட வழி இல்லை, அழைப்பு உங்கள் லைனிலிருந்துதான் போயிருக்கிறது. பையன் மேல் பழி விழும், அவன் வாயே திறக்க மாட்டான்.

தடுப்பு மூன்று. ஐஎஸ்டி தேவை இல்லாத வீட்டில் அந்த வசதியை எக்ஸ்சேஞ்சிலேயே எடுத்துவிடுங்கள்; எஸ்டிடி-க்கு லாக் போடுங்கள். ஆணிவேர் தடுப்பு இதுதான், மற்றவை எல்லாம் துணை. இரண்டாவது, மோடம் ஸ்பீக்கரை ஒருபோதும் அணைக்காதீர்கள். இரவில் அந்தக் கூச்சல் தொல்லைதான். ஆனால் இணைய நிறுவனத்தின் எண் சிறியது. டயல் செய்யும்போது வரும் ‘பிப் பிப்’ எத்தனை என்று இரண்டு வாரத்தில் காது பழகிவிடும். 00-ல் தொடங்கி நீளமாகப் போகும் எண்ணைக் காது உடனே பிடிக்கும். சத்தமே இல்லாமல் இணைந்தால் அதுவும் எச்சரிக்கைதான். மூன்றாவது, வாரம் ஒருமுறை டயல்அப் நெட்வொர்க்கிங் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நீங்கள் உருவாக்காத ஐகான் இருக்கிறதா? இருக்கும் ஐகானுக்குள் எண் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் வயரைப் பிடுங்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

மெயிலும் ஃபைலும்

2000 மே 4 அன்று ‘ஐ லவ் யூ’ என்று வந்த மெயிலில் இருந்த ஃபைல் டிஎக்ஸ்டி என்றுதான் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் ‘டாட் விபிஎஸ்’ என்று, ப்ரோகிராமுக்கு உரிய இன்னொரு வால் இருந்தது. தெரிந்த வால்களை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால் அது கண்ணில் படவில்லை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், ‘வியூ’ பக்கம், ‘ஹைட் ஃபைல் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக்கை எடுங்கள். இன்றைய விண்டோஸிலும் இது மறைத்தேதான் வருகிறது, இன்றும் எடுக்கலாம். எக்ஸ்இ, விபிஎஸ், எஸ்சிஆர், பிஃப் இவற்றில் முடியும் எதையும், யார் அனுப்பினாலும், கேட்டு உறுதி செய்யாமல் திறக்கக் கூடாது. தெரிந்தவர் பெயர் இருப்பது சான்று ஆகாது. 2001 கடைசியில் வந்த கிளெஸ் வைரஸ் அனுப்புநர் பெயரையே மாற்றிப் போட்டது. பாதிக்கப்படாத நண்பர்மேல் பழி வந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸின் பிரிவியூ பகுதியையும் அணைத்துவிடுங்கள். கிளெஸ் போன்றவை திருத்தம் போடாத மெஷினில் பிரிவியூவிலேயே ஓடின.

சாட்டில் அறிமுகமானவர் ‘என் போட்டோ’ என்று அனுப்பும் ஃபைலுக்கும் இதே விதி. நெட்பஸ், சப்செவன் என்ற ட்ரோஜன்கள் (வேறு ஏதோ ஃபைல்போல நடித்து உள்ளே வருபவை) அப்படித்தான் வந்தன. சிடி டிரைவ் தானாகத் திறந்து மூடுகிறது, மவுஸ் தானாக நகர்கிறது என்றால் பேய் பிசாசு ஒன்றும் இல்லை, எதிர்முனையில் ஒருவர் விளையாடுகிறார். அவர் விளையாட்டோடு நிற்க மாட்டார், சேமித்து வைத்த டயல்அப் கடவுச்சொல்லையும் எடுப்பார். விண்டோஸ் 98 அதை ஒரு பிடபிள்யுஎல் ஃபைலில் வைத்திருக்கும், பிரிக்கும் கருவிகள் சுலபமாகக் கிடைத்தன. போய்விட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 100 மணிநேரத்தை இன்னொருவர் தீர்ப்பார். ‘சேவ் பாஸ்வேர்ட்’ டிக் வேண்டாம். இணைய நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கின் பயன்பாட்டுப் பட்டியல் இருக்கும். நீங்கள் வெளியூர் போயிருந்த நாளில் இணைப்பு காட்டினால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

எல்லா எச்சரிக்கையும் உண்மையான எச்சரிக்கை இல்லை. 2002-ல் ‘கரடி பொம்மை ஐகானோடு ஒரு ஃபைல் உங்கள் மெஷினில் இருக்கும், அது வைரஸ், அழித்துவிட்டு எல்லாருக்கும் சொல்லுங்கள்’ என்று ஒரு மெயில் சுற்றியது. ஃபைல் எல்லார் மெஷினிலும் இருந்தது, ஏனென்றால் அது விண்டோஸோடு வந்தது. நல்ல எண்ணத்தோடு அழித்து, நல்ல எண்ணத்தோடு இருபது பேருக்கு அனுப்பினார்கள். இப்போது கைபேசியில் ‘அனைவருக்கும் பகிரவும்’ என்று வருவது இதன் பேரன்தான்.

தமிழில் படிக்க விரும்பியவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவும் முன் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. டிஸ்கி ஒன்று, 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் வந்த டாப், டாம் இரண்டு, பத்திரிகைகள் தமக்கென்று வைத்துக்கொண்டவை தனி. ‘தமிழ் தெரிய இதை இறக்கவும்’ என்ற பட்டனை அழுத்திப் பழகிய கை, வேறு பட்டன்களையும் யோசிக்காமல் அழுத்தியது. பார்க்க வேண்டியது வால்தான். டிடிஎஃப் என்று முடிந்தால் வெறும் எழுத்துரு. கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். எக்ஸ்இ என்று முடிந்தால் அது ப்ரோகிராம். தளம் நன்கு தெரிந்ததாக இருந்தால் மட்டுமே ஓட விடலாம்.

வயரைக் கழற்றுவது

மோடம்களைக் கொன்றதில் வைரஸைவிட இடிக்குத்தான் பெரும் பங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கோடை இடியிலும் பக்கத்தில் எங்காவது விழுந்தாலே போதும். தெருவில் தொங்கும் செம்புக் கம்பியில் ஏறும் மின்னழுத்தம் ஆர்ஜே-11 வழியாக உள்ளே வரும். இன்டர்னல் மோடம் என்றால் சில நேரம் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். யுபிஎஸ் காப்பாற்றாது, அது கரண்ட் பக்கம்தான் நிற்கிறது. பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு போன் வயரை விட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

வேலை முடிந்ததும் கழற்றுங்கள், இடி வருவதற்குக் காத்திருக்காமல். மோடம் முனையில் கழற்றினால் வயரின் நுனி மெஷின் பின்னாலேயே, இரும்புப் பெட்டியைத் தொட்டபடி கிடக்கும். சுவர் முனையில் கழற்றி, அந்த இடத்தில் டெலிபோனைச் செருகுங்கள். வீட்டுக்கு வர வேண்டிய அழைப்பும் வரும், ராத்திரி எதுவும் தானாக டயல் செய்யவும் முடியாது. காலையில் மீண்டும் மாற்றும் முன் ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, லைன் அமைதியாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.